எங்கள் தவமணி மச்சாள் தின்று சாகவில்லை

செய்தி கொண்டுவந்தவர் என் அண்ணனோடு சீனன்குடாவில் வேலை செய்பவர். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றபடி, "பிள்ளை தப்பியிட்டுது, பெண் பிள்ளை" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வெளியே வந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மச்சாள் எப்பிடி?" என்று கேட்டேன். பிற ஆண்களோடு கதைத்துப் பழக்கமில்லாத நான்தான் கேட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை.

திரியாயில் பிறந்து, பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு வாழவந்த என் அண்ணனின் மனைவி தவமணி அவர்கள், தமது முதற் பிள்ளையைப் பெற்ற அன்றே கண் மூடினார். அவருக்கு வயது இருபத்துமூன்று.

முப்பத்தோராம் நாள் உறவினருக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்காக மச்சாளைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணன் என்னைக் கேட்டார். "நீதான் அவவோட எந்த நேரமும் திரிஞ்சனி. வடிவாய் எழுது" என்றார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வடிவாய் எழுத எனக்கு வருமோ தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத என்னால் ஏலாது.

செத்தவீட்டில் இரண்டு கதைகள் என் காதில் விழுந்தன. தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "தின்னத் தின்னக் குடுத்து ஊதிப்போய்ச் செத்தவ" என்றார். உள்ளே பிள்ளையைப் பார்த்த இன்னொருவர், "தாயைத் தின்ற பிள்ளை" என்றார். பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. சொன்னவர்கள் எங்கள் உறவினர்கள். இந்தக் கல்வெட்டை வாசிக்கப்போகிறவர்கள். இந்தச் சொல் இன்றைக்கு நிற்காவிட்டால் பிள்ளை நடக்கப் பழகும்போதும், பள்ளிக்கூடம் போகும்போதும், கலியாணம் பேசும்போதும் அவளோடு கூடவே வரும். அது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தையே பலர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கலியாணம் முடிந்த கிழமை, திரியாயிலிருந்து பஸ்ஸில் ஒரு பெட்டியோடும் ஓர் ஆட்டோடும் வந்து இறங்கினார். ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கொண்டக்டர் பிடிவாதமாய் நின்றாராம். "ஆடு சீற்றில இருக்கேல்லையே தம்பி, நிண்டுகொண்டெல்லோ வருகுது" என்றாராம் மச்சாள். "நிக்கிற ஆக்களுக்கும் டிக்கெட்தான் அக்கா." "அப்ப அதையே கேளும். குடுத்தால் வாங்கும்." பஸ் முழுக்கச் சிரித்ததில் கொண்டக்டர் முன்பக்கம் போய்விட்டாராம். அண்ணன் வெட்கத்தில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாராம்.

வயதில் இளையவளான என்னையும் அவர் "நீங்கள்" என்றுதான் அழைப்பார். "சின்ன மச்சாள்" என்று கூப்பிடுவார். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் குசினிக்குள் ஒளிந்துவிடுவேன். மற்றவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். மச்சாளோ, "சின்ன மச்சாள் பேச்சை மிச்சம் பிடிக்கிறா. ஒருநாளைக்கு எல்லாத்தையும் ஒரேயடியாய்ச் செலவழிப்பா, பாருங்கோ" என்பார்.

அரிசி கிடைக்காத காலம் இது. விடியப் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நிற்போம். பாண் முடிந்துவிட்டால் மரவள்ளிக்கிழங்கு அவிப்போம். இந்தக் காலத்தில்தான் மச்சாள் வயிற்றில் பிள்ளை வந்தது. முதல் நான்கு மாதமும் சாப்பிட்டது எதுவும் அவர் வயிற்றில் தங்கவில்லை. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிந்தது. ஐந்தாம் மாதம் நான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

அந்தக் கிளினிக் மாதத்தில் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் நடக்கும். வாசலில் நிறை பார்க்கும் தராசு. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய தாள். தாளில் ஒரு கோடு கீழிருந்து மேலே போகும். எந்த மாதத்தில் ஒரு தாய் எவ்வளவு நிறை கூடியிருக்க வேண்டும் என்பது அந்தக் கோடு. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் மருத்துவிச்சி நிறையைப் பார்த்துக் கோட்டைப் பார்ப்பார். கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் இடப்பக்கத்தில் போட்டிருக்கும் நீள வாங்கில் காத்திருந்து டொக்டரைப் பார்க்க வேண்டும். கோட்டைத் தொட்டவர்கள் அப்படியே வீட்டுக்குப் போகலாம். டொக்டர் ஒருவர்தான். தாய்மாரோ மண்டபம் நிறைய. அதனால் அப்படி ஒரு முறை வைத்திருந்தார்கள்.

மச்சாளைக் கர்ப்பத்துக்கு முன்னால் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் மீனை நிறுப்பார்கள், நெல்லை நிறுப்பார்கள். பெண்களை யார் நிறுப்பார்கள்? அதனால் முன்பு இவ்வளவு இருந்திருப்பார் என்று மிஸ்ஸி தாமாகவே ஒரு நிறையை வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அதே நிறை. துறைமுகத்தில் உத்தியோகம் பார்ப்பவரின் நெடிய சிங்கள மனைவிக்கும் அதே கோடு. வயலில் நாற்று நட்டுவிட்டு நேரே வருகிற ஒல்லியான பெண்ணுக்கும் அதே கோடு. எந்த நாட்டுப் பெண்களை நிறுத்து அந்தக் கோட்டைக் கீறினார்களோ தெரியாது. எங்களை நிறுத்துக் கீறவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

முதல் நாளே மிஸ்ஸி எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன இது? வீட்டில சாப்பாடு தாறேல்லையோ?" என்றார்.

"தருவினம் மிஸ்ஸி. நான்தான் வாங்கினதெல்லாத்தையும் திருப்பிக் குடுத்திடுறன்" என்றார் மச்சாள்.

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸிக்குப் பிடிக்கவில்லை. "பகிடி விடுறதுக்கு இல்லை இந்த இடம். அந்த வாங்கில போய் இருங்கோ."

அந்த வாங்கில்தான் சுஹரா என்பவரைச் சந்தித்தோம். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து எங்கள் அடுத்த தெருவுக்கு வந்தவர். மெலிந்த உடம்பு. "வாங்க புள்ள, வாங்க" என்று மச்சாளுக்கு இடம் ஒதுக்கினார். "இது கருவாட்டு வாங்கு. அந்தப் பக்கத்தால வீட்டுக்குப் போறவங்க எல்லாம் பாரை மீன்." மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து இருவரும் அருகருகேதான் இருப்பார்கள்.

ஆனால் வீட்டில் அம்மாவுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. "எங்கட வீட்டில சோறில்லையெண்டு ஊர் கதைக்கப் போகுது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அடுத்த நாளிலிருந்து கிடைத்த அரிசியெல்லாம் மச்சாளுக்குத்தான். நாங்கள் கிழங்கு சாப்பிட்டோம். மச்சாள் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோற்றை அம்மா பார்க்காத நேரத்தில் என் கோப்பைக்குள் தள்ளுவார். இதைத்தான் "தின்று தின்று" என்று சொல்கிறீர்கள். அவர் தின்றதை நான் பார்த்தேன். என் கோப்பைக்கு வந்ததையும் நான் பார்த்தேன்.

எட்டாம் மாதம் தராசின் முள் திடீரென்று ஏறியது. மிஸ்ஸியின் முகம் மலர்ந்தது. "தங்கச்சிமார், இவவைப் பாருங்கோ. இப்பிடித்தான் ஏறவேணும்" என்று எல்லோருக்கும் காட்டினார். மச்சாளிடம் வீட்டுக்குப் போகலாம் என்றார். சுஹரா வாங்கிலிருந்தபடியே, "கருவாடு பாரையாகிட்டுதோ! எங்கள மறந்திராதீங்க" என்று கத்தினார். மச்சாள் அவருக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தார்.

அம்மா கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினார். பிறகு அவருக்குப் பயம் பிடித்தது. மச்சாளின் முகம் நிலவுபோல வட்டமாகிவிட்டது. பார்ப்பவர்கள் வாய்விட்டால் நாவூறு பட்டுவிடும் என்று, வருகிறவர்களிடமெல்லாம் "அவ படுத்திருக்கிறா" என்று சொல்லி அனுப்பினார். பின்னேரங்களில் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். எங்கள் வீடுகளில் மெலிவைக் கண்டால்தான் பயப்படுவோம். பருத்தால் ஒளித்து வைப்போம். அதனால் வெளியாள் ஒருவரும் அந்த முகத்தைப் பார்த்து, இது என்ன வீக்கம் என்று கேட்க வழியில்லாமல் போனது. அம்மா அன்பினால் செய்தார். தராசு நல்லது என்று சொன்னதை நம்பிச் செய்தார்.

மச்சாளுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "பாத்தீங்களோ சின்ன மச்சாள்? களிமண் மாதிரிக் கிடக்குது. இது என்ர கால் இல்லை." அவருடைய செருப்பு அவருக்குப் போகவில்லை. அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு, "இனி அவர்ர சேட்டும் எனக்கு அளவாய் வரும். பிறகு நான் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போறன், அவர் பிள்ளையைப் பெறட்டும்" என்றார். நான் சிரித்தேன். அவர் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாள் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாய் வீசியது. மச்சாள் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். தராசில் ஏறினார். முள் போன மாதத்தைவிடவும் ஏறி நின்றது.

"கோட்டுக்கு மேலேயே போயிட்டீங்கள். கெட்டிக்காரி. நீங்கள் வீட்ட போகலாம்" என்றார் மிஸ்ஸி.

"தலை இடிக்குது மிஸ்ஸி. முந்தநாள் தொடங்கினது, விடுகுதில்லை. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு."

"வெயில்தான். போய்ப் படுங்கோ."

"கால் வீங்கியிருக்கு."

"பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்காமல் கையே வீங்கும்?"

கையும் வீங்கித்தான் இருந்தது. கலியாண மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. மச்சாள் கையை நீட்டிக் காட்டுவதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது நான் பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் பேசினேன். "மிஸ்ஸி, டொக்டரிட்ட ஒருக்காக் காட்டேலாதோ? கையில பட்டி கட்டிப் பிரஷர் பாப்பினமெல்லோ?"

மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் எத்தனையாம் வகுப்பு?"

"எட்டோட நிண்டிட்டன்."

"அப்ப எங்கட வேலையை எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம். டொக்டர் பாக்கவேண்டிய ஆக்கள் அந்தா இருக்கினம்."

சுஹரா எழும்பி நின்றார். "என்ட இடத்த அவங்களுக்குக் குடுங்க மிஸ்ஸி. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் அடுத்த மாசம் காட்டுறன்."

"இடம் மாத்த இது பஸ் இல்லை. இருங்கோ."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான் டொக்டர் இருந்தார். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் நின்றும் மச்சாள் திருப்பி அனுப்பப்பட்டார். நிறை குறைவாக இருந்திருந்தால் அந்தத் திரைக்கு உள்ளே போயிருப்பார். நிறை கூடியதால் வெளியே போனார்.

மறுநாள் விடிய, அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போது வலிப்பு வந்தது. நான்தான் தாங்கிப் பிடித்தேன். அண்ணன் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே பிள்ளையை எடுத்தார்கள். மச்சாளுக்கு நினைவு திரும்பவே இல்லை. அங்கிருந்த பெரிய டொக்டர் அண்ணனைக் கோபித்தாராம். "முகத்தைப் பாத்தாலே தெரியுமே. ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் பிரஷர் பாக்கேல்லை? இது சதையில்லை, உடம்பு முழுக்க நீர்" என்றாராம். கிளினிக்கில் நல்ல நிறை என்று சொன்னார்கள் என்று அண்ணன் சொன்னதும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டாராம்.

உறவினர்களே, இதை இன்னொருமுறை சொல்கிறேன். சதையில்லை, நீர். சோற்றினால் வந்ததும் இல்லை, பிள்ளையினால் வந்ததும் இல்லை. அது ஒரு நோய். நேரத்துக்குக் கண்டிருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்திருப்பார்கள். காணவேண்டியவர்கள் தராசைக் கண்டார்கள், மச்சாளைக் காணவில்லை.

செத்தவீடு முடிந்து சில நாளில், பிள்ளையைப் பார்க்க அதே மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் நான் குசினிக்குள்தான் இருந்தேன். அவர் பிள்ளையைத் துணியில் இட்டுத் தொங்கு தராசில் கொழுவினார். "நிறை காணாது, குறைவாய்க் கிடக்கு" என்றார். அந்தச் சொல் கேட்டதும் நான் வெளியே வந்தேன்.

"எவ்வளவு காணாது, மிஸ்ஸி?" என்று கேட்டேன். "மச்சாளுக்கு அவ்வளவு நிறை ஏறினதெண்டு எல்லாருக்கும் காட்டினீங்கள். பிள்ளையிட்ட அது வரேல்லை. எங்க போனது? சொல்லுங்கோ."

அம்மா, "பிள்ளை, பேசாத" என்றார். நான் நிறுத்தவில்லை. "நாங்கள் சொன்னனாங்கள். அவவும் சொன்னவ. சுஹராக்காவும் எழும்பி நிண்டவ. நீங்கள் என்னை எத்தனையாம் வகுப்பெண்டு கேட்டனீங்கள்."

மிஸ்ஸி பிள்ளையைத் துணியோடு தராசிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "எனக்கும் நித்திரை இல்லை, பிள்ளை. எனக்குப் படிப்பிச்சது அந்தக் கோடுதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இனியும் வருமோ தெரியாது. "அப்ப படிப்பிச்சவையைப் போய்க் கேளுங்கோ" என்றேன். "ஆளுக்கு ஆள் உடம்பு வேறையெண்டு அவைக்குத் தெரியாதோ? கோட்டைத் தொட்ட ஆக்களுக்கும் பட்டியைக் கட்டிப் பாத்தால் டொக்டருக்கு என்ன குறைஞ்சிடும்?" மிஸ்ஸி பிள்ளையைத் துணியிலிருந்து எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அந்தக் கோட்டை ஒருமுறையும் எட்டாத சுஹரா, கடந்த கிழமை சுகமாக ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றார். எங்கள் பிள்ளை புட்டிப்பாலைக் கக்குகிறாள், பால்மாவும் கடைகளில் இல்லை என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தபடி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்தார். ஒரு பக்கம் அவருடைய மகன், மறுபக்கம் மச்சாளின் மகள். "இனி இதுகள் ரெண்டும் கூடப்பிறந்ததுகள் புள்ள. எங்கட மார்க்கத்தில அப்பிடித்தான்" என்றார். பிறகு மச்சாளின் பெயரைச் சொல்லி, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் தினமும் பிள்ளையைக் கொண்டுபோகிறேன்.

இதற்கும் எங்கள் உறவில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறு ஆட்களின் பாலாம். உங்களில் யார் வீட்டிலிருந்து பிள்ளைக்குப் பால் வந்தது என்று நான் கேட்கவா? முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு வருவீர்கள், சாப்பிடுவீர்கள், பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பீர்கள். பாருங்கள். ஆனால் "தாயைத் தின்ற பிள்ளை" என்று யாராவது வாய் திறந்தால், உங்கள் கையிலிருந்து அவளை நான் வாங்கிக்கொள்வேன். பெரியவர் என்றும் பார்க்க மாட்டேன்.

மச்சாள், உங்களுக்கு இதை எழுதி முடிக்கும்போது பின்னேரமாகிவிட்டது. சற்று முன்தான் சுஹரா வீட்டிலிருந்து வந்தோம். உங்கள் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு, வாய் ஓரத்தில் பால் வடிய, என் மடியில் கிடந்து தூங்குகிறாள். என் ஒரு முன்கையின் நீளம்கூட இல்லை. இவளா ஒருவரைத் தின்றாள்? இவளுக்கு உங்களைப் பற்றி நான் சொல்லுவேன். ஆட்டையும் சொல்லுவேன், கிளினிக்கையும் சொல்லுவேன், இரண்டையும் மறைக்க மாட்டேன். நீங்கள் அமைதியாய் இருங்கள் மச்சாள். நான் இப்போதைக்கு அமைதியாய் இருக்கப்போவதில்லை.